பிளாஸ்திரி ஒட்டிய பட்டன்

முகத்துக்கு நேரே அவளை "சிஸ்டர்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் "முப்பது". வயசைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த வயசெல்லாம் எப்பவோ மலையேறிப் போச்சு. வாயில் ட்யூப் போட்டு வெண்டிலேட்டரில் கிடக்கிற எந்த நோயாளிக்கும் கட்டிலின் தலைப்பக்கம் முப்பது டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மட்டமாகப் படுக்க வைத்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறி, நுரையீரலுக்குள் இறங்கி, ஒரு நோயோடு வந்தவனுக்கு இன்னொரு நோயையும் கொடுத்து அனுப்பும். சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அவள் நடத்திய விதம்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

ஒவ்வொரு கட்டிலின் பக்கவாட்டிலும் கோணம் காட்டுகிற சின்ன முள் ஒன்று இருக்கும். அதில் முப்பதுக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். ஐசியூ கதவைத் திறந்து உள்ளே வந்தால் முதலில் முள்ளைப் பார்ப்பாள், அப்புறம்தான் நோயாளி முகத்தை. முள் இருபத்தெட்டில் நின்றால் தொலைந்தது. அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் கிடைக்கிற அர்ச்சனையில், மயக்கத்தில் கிடக்கிற நோயாளியே எழுந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிடுவான் என்று வார்டில் சொல்லிக்கொள்வார்கள்.

இரண்டாவது சட்டம், பார்க்க வருகிறவர்கள் கட்டிலைத் தொடக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே விடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, பார்த்து, கிளம்ப வேண்டும். அழுவதென்றால் வெளியே போய் அழ வேண்டும். கலெக்டர் வந்தாலும் கடவுள் வந்தாலும் இதேதான் என்று வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்கு அவளே பாடம் எடுத்திருந்தாள்.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். அந்தக் கட்டில்களில் பட்டன்கள் வரிசையாக இருக்கும். ஒன்று தலைப்பக்கத்தை மட்டும் மடித்துத் தூக்கும், இன்னொன்று முழங்காலை. கடைசியில் இருப்பது எதையும் மடிக்காமல் மொத்தக் கட்டிலையும் பலகை மாதிரி சாய்க்கும், தலை மேலே, கால் கீழே. ஒருநாள் புதுசாக வந்த நர்ஸ் ஒருத்தி, டிரிப் பாட்டிலை மாற்றுகிற அவசரத்தில், தெரியாமல் அந்தப் பட்டன் மேல் இடுப்பைச் சாய்த்துவிட்டாள். நோயாளி சறுக்குமரத்தில் வருகிற மாதிரி வழுக்கிக் கீழே வந்து, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே முப்பது ஒரு ரோல் பிளாஸ்திரியை எடுத்து, எல்லாக் கட்டிலிலும் அந்தப் பட்டனை மூடி ஒட்டினாள். மேலே பேனாவால் "தொடாதே" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். தொட்டவள் கையில் விரல் இருக்காது என்பதை வாயால் சொல்லி வைத்தாள்.

இப்படிப்பட்டவள் வீட்டில் எப்படி என்றால், அங்கேயும் இதே கதைதான். வித்தியாசம் என்னவென்றால் வீட்டில் ஒருத்தரும் பயப்படவில்லை.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக் கொடுத்தவர். ஆள் பெரிய உருவம். சும்மா குண்டு என்றெல்லாம் சொன்னால் போதாது. அவர் ஏறி உட்கார்ந்தால் கார் அவர் பக்கம் ஒரு சாய்வு சாயும். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு, "இந்த வண்டிக்கு ரெண்டு பிரேக். ஒண்ணு என் காலுக்குக் கீழ இருக்கு, இன்னொண்ணு என் வயிறு" என்று சொல்லிவிடுவார். அவள் குச்சி மாதிரி இருப்பாள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் பத்து என்கிற நம்பரை எழுதி வைத்த மாதிரி இருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். யாராவது தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருப்பார்.

அவள் விடுவாளா? நடங்க, படியில ஏறுங்க, தட்டுல பாதியைக் குறைங்க, டாக்டரைப் பாருங்க என்று கல்யாணமான நாளிலிருந்து ஒரே பாட்டு. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். இரண்டு பேருக்கும் ஒரே மகள். அவள் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, போனில் இரண்டு கட்சிக்கும் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

சாதாரண சளிதான். அப்படித்தான் மாஸ்டர் சொன்னார். அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வந்தபோது, கூச்சமாக இருக்கிறது என்று நெளிந்து வேலைக்கு ஓடிவிட்டார். காரில் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு தடவை கோட்டை விட்ட பெண். நடுவழியில் மாஸ்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. அந்தப் பெண் அதுவரை மெயின் ரோட்டில் ஓட்டியதே இல்லை. பாவம், வெலவெலத்துப் போய், முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். மூச்சுக்குத் திண்டாடுகிற நேரத்திலும் அவர் தன் பக்கத்து பிரேக்கில் இருந்து காலை எடுக்கவில்லை, திருப்பத்துக்குத் திருப்பம் "இண்டிகேட்டர், இண்டிகேட்டர்" என்றார். அந்தப் பெண்ணே அழுதுகொண்டே பிறகு சொன்னது இது.

ஐசியூவில் அன்றைக்கு டியூட்டியில் இருந்தது முப்பதுதான். ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போதே, வந்தது யார் என்று பார்ப்பதற்கு முன்னால், "தலைப்பக்கம் ஏத்துங்க" என்று சத்தம் போட்டாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த ட்ரே நழுவிக் கீழே விழுந்தது. அங்கே அவள் கையிலிருந்து ஒரு பொருள் விழுந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

நெஞ்சில் கடுமையான நிமோனியா. ட்யூப் போட்டு வெண்டிலேட்டரில் இணைத்தார்கள். நுரையீரல் டாக்டரம்மா, அவளை விட வயசில் சின்னவங்கதான், தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் வைத்தியம் பார்க்கக்கூடாது, கை நடுங்கும். அதனால் அவர் குணமாகிற வரைக்கும் நீங்க இங்க இன்சார்ஜ் இல்லை, நோயாளி வீட்டு ஆள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். இதே வார்த்தையை இதே இடத்தில் நின்று எத்தனையோ பேரிடம் முப்பதே சொல்லியிருக்கிறாள்.

வெளியே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதில் இடுப்பு வலிக்கும் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நாத்தனார் ஃபிளாஸ்க்கும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அண்ணன் பாதியா இளைச்சுட்டார், நீ சரியா கவனிக்கலை என்று ஒப்பாரி வைத்தாள். மூன்று பேர் படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷனைப் பார்த்து இளைத்துவிட்டார் என்று சொல்ல ஒரு தங்கையால்தான் முடியும். முப்பது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மதியம் பொறுக்காமல் எழுந்து கதவுக்குப் போனாள். செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். அஞ்சு மணிக்குத்தான் மேடம் என்றான். என்னையா நிறுத்தற என்று கேட்டாள். நீங்கதான் மேடம் சொன்னீங்க, யாரா இருந்தாலும்னு, என்று தலையைச் சொறிந்தான். அவன் முகத்தில் துளி நக்கல் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாட்கள் போயின. மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது, எக்ஸ்ரேயில் இருந்த வெள்ளை கரைந்தது. இனி ட்யூபை எடுத்துவிடலாம் என்று, முதலில் மெஷின் கொடுக்கிற உதவியைக் குறைத்துப் பார்த்தார்கள். மனுஷன் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிற பரீட்சை அது. மாஸ்டர் ஓடிக் களைத்த நாய் மாதிரி மேல் மூச்சாக வாங்கி, வியர்த்துக் கொட்டி, கொஞ்ச நேரத்திலேயே தோற்றுப் போனார். மறுபடியும் மெஷினே மூச்சை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு மதியம் டாக்டரம்மா வெளியே வந்து அவள் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். நோய் போய்விட்டது, இப்போது தடுக்கிறது அவர் உடம்பு. படுத்தால் அந்த வயிறு மொத்தமும் மேலே தள்ளி, நுரையீரலின் அடிப்பகுதியை நசுக்குகிறது. அந்த எடையை ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கித் தூக்கி அவர் தசை களைத்துவிடுகிறது. நாளைக்குக் காலையில் இன்னொரு தடவை பரீட்சை வைத்துப் பார்க்கலாம். அதிலும் தோற்றால் இதற்கு மேல் வாய்வழி ட்யூபை வைத்திருக்க முடியாது, தொண்டையில் ஓட்டை போட வேண்டியதுதான்.

தொண்டை என்ற வார்த்தைக்கு அப்புறம் டாக்டரம்மா சொன்னது பாதி அவள் காதில் ஏறவில்லை. தொண்டையில் ஓட்டை போட்டு எத்தனையோ பேர் பிழைத்து நடந்து போயிருக்கிறார்கள், அது அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தக் கழுத்தும் இந்த உடம்பும் இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம், அதற்கப்புறம் மாதக்கணக்கில் படுக்கை, முதுகில் புண், மறுபடி நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதையும் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் முகம்தான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டரம்மா எழுந்திருக்கும்போது, இன்னைக்கே கட்டிலை மடிக்காம மொத்தமா சாய்ச்சு வைக்கச் சொல்லியிருக்கேன் என்றார். நிற்கிற மாதிரி வைத்தால் வயிறு கீழே இறங்கும், நுரையீரலுக்கு இடம் கிடைக்கும், ராத்திரி முழுக்க அப்படி இருந்தால் காலையில் தெம்பாக இருப்பார். முப்பது தலையை ஆட்டினாள். பாடத்தில் படித்தது அவளுக்கும் ஞாபகம் வந்தது. போதும், இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று கொஞ்சம் மூச்சு வந்தது.

ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனாள். பழக்கதோஷம், கண் நேராக முள்ளுக்குத்தான் போனது. முள் சிவப்பு டேப்பைத் தாண்டி ஐம்பதில் நின்றது. அப்புறம் மனுஷனைப் பார்த்தாள், பகீரென்றது.

கட்டிலின் தலைப்பக்கம் நன்றாக மேலே மடிந்து நின்றது. மாஸ்டர் அதில் நிற்காமல் வழுக்கிப் பாதிக் கட்டிலுக்கு வந்திருந்தார். மடிப்பு இடுப்பில் இருக்க வேண்டியது, நெஞ்சுக்கு நேராக இருந்தது. தாடை மார்பில் முட்டிக்கொண்டிருந்தது. தொடை ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம், நடுவில் அந்த வயிறு போக்கிடம் இல்லாமல் விலாவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. நோயாளியை நாற்பது பக்க நோட்டு மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது.

கட்டிலைப் பார்த்துக்கொள்கிற சின்ன சிஸ்டர், வேலைக்குச் சேர்ந்து வருஷம் முழுசாக ஆகாத பெண், பெருமையாக வந்து நின்றாள். முப்பதுக்கு மேலேயே வைத்திருக்கிறேன் சிஸ்டர் என்றாள்.

இவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. குரலை மட்டும் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"டாக்டர் என்ன செய்யச் சொன்னாங்க?"

"மொத்தமா சாய்க்கச் சொன்னாங்க சிஸ்டர்."

"அப்புறம் இது என்ன?"

அந்தப் பெண் கட்டிலின் பக்கவாட்டைக் கண்ணால் காட்டினாள். அங்கே கடைசிப் பட்டன் மேல் அழுக்கேறிய பிளாஸ்திரி இருந்தது. அதன்மேல் கொட்டை எழுத்தில் "தொடாதே".

"நீங்க எழுதினது சிஸ்டர்."

விஷயம் இதுதான். டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனதும் சின்ன சிஸ்டர் பட்டனைப் பார்த்தாள், பிளாஸ்திரியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பெரிய நர்ஸிடம் போய்க் கேட்டாள். அவளுக்கும் அதைப் பிரிக்கத் தைரியம் இல்லை. இன்சார்ஜ் அஞ்சு மணிக்கு அவரைப் பார்க்க வருவாங்க, கேட்டுக்கலாம், அதுவரைக்கும் தலைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி வை, எல்லாம் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டாள். இன்சார்ஜோ வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அஞ்சு மணி ஆகட்டும் என்று. உள்ளே இருக்கிறவர்கள் அவள் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள், அவள் உத்தரவுப்படி செக்யூரிட்டி அவளை உள்ளே விடாமல் காத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு மனுஷன் மூச்சுக்கு முட்டிக்கொண்டிருந்தார்.

யாரைத் திட்டுவது? தன் கையெழுத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தப் பெண்களை இப்படிப் பயமுறுத்தி வைத்தது யார், நான்தானே என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுவதென்றால் வெளியே போய் அழ வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான், சனியன் பிடித்த சட்டம்.

"நான் ஒட்டினது தப்பும்மா," என்றாள். "பிய்ச்சு எடு."

அங்கே இருந்த அத்தனை நர்ஸும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. சின்ன சிஸ்டர் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினாள். வருஷக்கணக்கில் ஊறிய பிளாஸ்திரி, அசைவேனா என்றது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக்கொண்டு வர ஒருத்தி ஓடினாள். அதற்குள் முப்பது குனிந்து, பார்க்க வருகிறவர்கள் கட்டிலைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, சின்ன சிஸ்டரின் இடுப்பில் இருந்த கத்தரிக்கோலை உருவி, முனையால் நெம்பி, விரலால் பிடுங்கினாள். பாதி பிளாஸ்திரியோடு முப்பதின் நகம் ஒன்றும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

பட்டனை மட்டும் அமுக்கினால் போதாது. முதலில் தலைப்பக்கத்தை இறக்கி, அவரைக் கட்டிலில் மேலே இழுத்து ஒழுங்காகப் படுக்க வைக்க வேண்டும். இப்படியே சாய்த்தால் தரைக்குத்தான் வருவார். டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் போனது, அவர் ஓடி வந்து தலைமாட்டில் நின்று வாயிலிருந்த ட்யூபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விரிப்பின் ஓரத்தை இந்தப் பக்கம் நர்ஸுகள் பிடித்தார்கள், அந்தப் பக்கம் வார்டு பையன்கள். போதவில்லை. பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்க வந்தவன் மெஷினை விட்டுவிட்டு வந்தான். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த மருமகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் வாசலில் இருந்த செக்யூரிட்டியும் வந்து சேர்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று டாக்டரம்மா சொல்ல, எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். மாஸ்டர் ஒரு சாண் நகர்ந்தார். மறுபடி மூன்று எண்ணினார்கள். யாருக்கோ இடுப்பில் சுளுக்கு விழுந்து முனகல் கேட்டது.

லாரி லோடே ஏத்திடலாம் போல மேடம், என்றான் செக்யூரிட்டி, மூச்சிரைக்க. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, இந்த மாதிரிப் பேச்சு அந்த வார்டில் சாதாரணம், அதைப் பேசப் பழக்கியதே முப்பதுதான். இன்றைக்கு அது சுருக்கென்று குத்தியது. குனிந்து கணவர் முகத்தைப் பார்த்தாள். மயக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருத்தராக அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் ட்யூப், ஒன்றும் சொல்ல வழியில்லை.

பாதத்துக்குக் கீழே தலையணை வைத்து, கட்டிலின் கால்பலகையில் முட்டுக்கொடுத்து, உள்ளங்கால் இரண்டும் அதில் பதிகிற மாதிரி வைத்தார்கள். சின்ன சிஸ்டர் முப்பதைப் பார்த்தாள். முப்பது தலையசைத்தாள். அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள்.

மோட்டார் முக்கி முனகிக்கொண்டு மெதுவாகக் கட்டிலைச் சாய்த்தது. தலை மேலே போக, கால் கீழே இறங்க, மாஸ்டர் பலகையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்தார். ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கியது. முப்பது டிரிப் பக்கம் கையை நீட்டினாள். பொறுங்க, நிக்க வச்சா முதல்ல அப்படித்தான் இறங்கும் என்று டாக்டரம்மா டிரிப்பைக் கொஞ்சம் வேகமாக விட்டார். கொஞ்ச நேரத்தில் அழுத்தம் பழையபடி ஏறியது. அந்த வயிறு, விலாவுக்குள் ஏறிக் குந்தியிருந்த அந்த வயிறு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்தது. மூச்சு நீளமானது. கத்திக்கொண்டிருந்த மெஷின் வாயை மூடியது. விசிட்டிங் நேரம் எப்போதோ முடிந்திருந்தது, அவளை வெளியே போகச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவளே கிளம்பினாள்.

வெளியே வந்ததும் நாத்தனார், அண்ணன் எப்படி இருக்கார் என்று கேட்டாள். நிக்கறார் என்றாள் முப்பது. சொல்லிவிட்டு நாத்தனார் தோளில் முகத்தை வைத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். நாத்தனார் பயந்துபோய் ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பரவாயில்லை, நல்ல மனசுக்காரிதான்.

மறுநாள் காலையில் பரீட்சை. முப்பதைப் பக்கத்தில் இருக்க டாக்டரம்மா அனுமதித்தார், ஒரு கண்டிஷன் போட்டு. மானிட்டருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் வெளியே. நீங்க நம்பரைப் பார்த்தா உங்க முகம் மாறும், அவர் உங்க முகத்தைப் பார்த்துப் பயப்படுவார் என்றார். நியாயம்தான். கட்டில் அதே சாய்வில் இருந்தது. மெஷினின் உதவியைக் குறைத்தார்கள்.

சர்வீஸில் சேர்ந்ததிலிருந்து மானிட்டரைப் பார்க்காமல் அவள் ஒரு நோயாளி பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. முள்ளைப் பார்ப்பாள், நம்பரைப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதற்கு அவர் வயிறு மட்டும்தான் இருந்தது. அது ஏறியது, இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வயிற்றை அவள் பேசாத பேச்சில்லை. பீப்பாய் என்றிருக்கிறாள், அண்டா என்றிருக்கிறாள், அதற்குத் தனியாக ஒரு சீட்டு எடுக்க வேண்டும் என்று பஸ்ஸில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது ஒவ்வொரு தடவை ஏறும்போதும், ஏறு ராசா, இன்னொரு தடவை ஏறு என்று மனசுக்குள் கெஞ்சினாள். அது இறங்கி அடுத்து ஏறுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இந்த மனுஷன் இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்பது அவளுக்கு அப்போது அப்பட்டமாகத் தெரிந்தது.

பின்னால் மெஷின் கத்தவில்லை. அவர் நெற்றியில் ஒரு துளி வியர்வை வந்தது, துடைத்துவிட்டாள். இன்னொன்று வரவில்லை. வயிறு அவசரப்படாமல் ஏறியது, இறங்கியது.

ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா வந்து, எடுத்துடலாம் என்றார்.

ட்யூபை உருவும்போது மாஸ்டர் இருமிய இருமலில் கட்டிலே ஆடியது. சின்ன சிஸ்டர் சளியை உறிஞ்சி எடுத்தாள், முகத்தில் மாஸ்க்கை மாட்டினாள். எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவர் மூச்சு விட்டார், தானாக. அப்புறம் இன்னொன்று. நர்ஸுகள் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முப்பது இப்போதும் திரும்பி மானிட்டரைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் மாஸ்டர் அவளைக் கையால் பக்கத்தில் கூப்பிட்டார். ஏதோ ஜோக் அடிக்கத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள், அது கேட்டால் போதும் என்றிருந்தது. மாஸ்க்கை ஒரு ஓரமாகத் தூக்கிப் பிடித்துக் காதை வைத்தாள். குரல் கரகரவென்று, காற்றோடு காற்றாக வந்தது. அவர் ஜோக் அடிக்கவில்லை. முகத்தை அவளுக்குக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"நேத்து என்னைத் தூக்க எத்தனை பேர் வந்தாங்க?"

யாரிடமும் எதையும் பூசி மெழுகத் தெரியாதவள் அவள். உள்ளது உள்ளபடி சொல்லியே பெயரைக் கெடுத்துக்கொண்டவள். சின்ன சிஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், செக்யூரிட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரும் வரலைங்க," என்றாள். "நான் ஒருத்திதான்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பி, கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய குச்சிக் கையைப் பார்த்தார். நகம் பிய்ந்த விரலைப் பார்த்தார்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, நிம்மதியாக மூச்சு விட்டார்.